படம் மாற்றும் செயலியை நம்பி அப்பாவின் குரலை இழந்தேன்

ஐபோனில் எடுத்த படங்களை, எல்லாக் கணினியிலும் திறக்கும் ஜேபெக் (JPEG) வடிவத்துக்கு மாற்றுவதற்கு முன்பின் தெரியாத செயலி எதையாவது இறக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். எனக்கு நடந்ததைப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

அப்பா காலமாகிச் சில மாதங்கள் கழித்து, அவருடைய கடைசி இரண்டு வருடப் படங்களை ஆல்பமாகப் போட நினைத்தேன். மொத்தம் 312 படங்கள். அச்சிடுபவரின் கணினியில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லாமே ஹெச்.இ.ஐ.சி. (HEIC) கோப்புகள். 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் வழக்கமாக இந்த வடிவத்தில்தான் படங்களைச் சேமிக்கிறது. இடம் குறைவாகப் பிடிக்கும், தரமும் குறையாது. ஆனால் பழைய கணினிகளுக்கும் பல மென்பொருள்களுக்கும் இது புரியாது. "ஜேபெக்கா மாத்திக் கொண்டு வாங்க" என்றார் அச்சிடுபவர்.

தேடியதும் முதலில் வந்த செயலியை இறக்கினேன். 'மூன்று நாள் இலவசம்' என்றிருந்தது. 312 படங்களையும் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தது. இரண்டு மூன்றைத் திறந்து பார்த்தேன், போன் திரையில் நன்றாகத்தான் தெரிந்தன. போனில் இடம் இல்லாததால் மூலப் படங்களை அழித்துவிட்டேன். இன்றுவரை என்னால் தாங்க முடியாத தவறு இதுதான்.

ஆறு வாரம் கழித்து அச்சிடக் கொடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. 4032 × 3024 பிக்சலாக இருந்த படங்களை அந்தச் செயலி 1280 × 960-ஆகச் சுருக்கியிருந்தது. 8 × 10 அங்குலத்தில் தெளிவாக அச்சிட 3000 × 2400 பிக்சலாவது வேண்டும் என்றார் அச்சிடுபவர். அப்பாவின் முகம் மங்கித்தான் வந்தது. படம் எடுத்த தேதிகளும் போய்விட்டன. 312 படங்களிலும் மாற்றிய நாளின் தேதியே இருந்தது. எது முதலில், எது மருத்துவமனைக்குப் போன பிறகு என்று நினைவிலிருந்துதான் அடுக்கினேன். ஜேபெக்கில் தேதியைக் காப்பாற்ற முடியாது என்பதில்லை. ஒழுங்காக மாற்றினால் அது கூடவே வரும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அவற்றில் பல 'லைவ் போட்டோ'க்கள். படம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை விநாடி அசைவும் ஒலியும் அவற்றில் பதிவாகும். ஜேபெக்காக மாறினால் வெறும் படம் மட்டுமே மிஞ்சும். அப்பாவின் சிரிப்பும், "எடுத்தாச்சா?" என்று அவர் கேட்பதும் அந்தக் கோப்புகளில்தான் இருந்தன. அழித்த படங்கள் 'ரீசன்ட்லி டெலீட்டட்' பகுதியில் 30 நாள் இருக்கும். நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கெடு தாண்டிவிட்டது.

இத்தனைக்கும் மேல், வாராவாரம் பணம் வேறு பிடித்துக்கொண்டிருந்தார்கள். செயலியை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்காது. செட்டிங்ஸில் நம் பெயரைத் தொட்டு, 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். இன்னொன்று, மாற்றும்போது படங்கள் அவர்களுடைய சர்வருக்கு ஏறின. கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்ததால் எங்கள் வீடு இருக்கும் இடமும் அந்தக் கோப்புகளோடு போயிருக்கிறது. அந்தச் சர்வர் யாருடையது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இந்த வேலைக்கு வெளிச் செயலியே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். செட்டிங்ஸில் (புதிய ஐஓஎஸில் 'ஆப்ஸ்' என்பதற்குள்) 'போட்டோஸ்' பகுதியின் அடியில், மேக் அல்லது பிசிக்கு மாற்றுவதற்கான இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்துக் கேபிளில் விண்டோஸ் கணினியோடு இணைத்தால், நகலெடுக்கும்போதே ஜேபெக்காக மாறும். மேக்கில் கூடவே வரும் 'பிரிவியூ' செயலியில் திறந்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்யலாம். இனி எடுக்கும் படங்களுக்கு, கேமரா செட்டிங்ஸில் 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' தேர்ந்தெடுத்தால் போதும். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பெயர்தான் மாறும், கோப்பு மாறாது.

எந்த வழியில் மாற்றினாலும் பிக்சல் அளவு, தேதி இரண்டையும் கணினியில் சரிபாருங்கள். மூலத்தை அழிக்கவே வேண்டாம். இடம் இல்லையென்றால் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

தங்கைக்கு எப்போதோ ஏர்டிராப்பில் (ஆப்பிள் சாதனங்களுக்கிடையே நேரடியாகக் கோப்பு அனுப்பும் வசதி) ஒன்பது படங்கள் அனுப்பியிருந்தேன். அவை மூலத்திலேயே, ஒலியோடு, அவளுடைய போனில் இருந்தன. அவற்றில் ஒன்றில் அப்பா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்த ஒன்பதும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன.