மன்னார்குடி பக்கம் சாயங்காலக் கபடிப் பயிற்சி: நாலு மாத அனுபவம்

பையனுக்கு 13 வயசு. முன்னாடி சேர்த்த இடத்தில் அவன் எதிரணிப் பக்கம் ரெய்டு பாடிப் போனாலே போதும், வெளியிலிருந்து "குனி, கையை நீட்டு, இடது கார்னரைப் பாரு" என்று மூன்று பேர் கத்துவார்கள். ஒரு ரெய்டுக்கு இருப்பதே 30 வினாடி. இவன் எதிராளியை விட்டுவிட்டு கோச் முகத்தைப் பார்த்து நிற்பான். கணுக்காலைப் பிடித்துச் சாய்த்துவிடுவார்கள்.

இங்கே இருக்கும் அண்ணன் முதல் பத்து நாள் சொன்னது ஒன்றே ஒன்று: "தம்பி, அவன் கையைப் பாக்காத, இடுப்பைப் பாரு." அப்புறம் வரப்பில் உட்கார்ந்து புல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். இதுக்கா மாசம் 500 ரூபாய் என்று நானே முணுமுணுத்திருக்கிறேன்.

போன வாரம் எதிரே ஆறு பேர். பின்னங்காலைத் தூக்கி போனஸ் கோட்டுக்கு (எதிரே ஆறு பேராவது இருந்தால்தான் இதைத் தாண்டினால் கூடுதல் புள்ளி) அந்தப் பக்கம் முன்கால் வைத்துத் திரும்பினான். யார் சொன்னது என்றேன். "யாரும் சொல்லலப்பா, ஆறு பேர் இருந்தாங்க, எண்ணினேன்" என்றான்.

குறையும் உண்டு. விளக்கு கிடையாது, ஆறரைக்கே மூட்டை கட்டணும். ஐப்பசி மழையில் மண் களம் நடவு வயல் மாதிரி ஆகி மூணு வாரம் லீவு. ஃபீஸ் மட்டும் முழுசா வாங்கிக்கொண்டார்.