காசியில் அஸ்தி கரைத்துத் தருகிறோம் என்று வருகிறவர்கள்: கவனம்

யாழ்ப்பாணத்தில் செத்தவீடு நடந்த வீடுகளைத் தேடி வந்து, "அஸ்தியைத் தாங்கோ, காசியில கரைச்சு வீடியோவும் அனுப்புறம்" என்று காசு வாங்கும் ஒருவர் எங்கள் குடும்பத்தை ஏமாற்றிவிட்டார். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அதனால் பெயர் போடவில்லை. நடந்த விதம் தெரிந்தால் இன்னொரு வீடாவது தப்பும்.

அப்பா ஒக்டோபரில் காலமானார். கோம்பயன்மணல் மயானத்தில் தகனம் செய்தோம். சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்ததும் அஸ்தியை என்ன செய்வது என்று வீட்டில் ஒரே கதை. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்குக் காசி வேண்டும். அம்மாவோ இங்கே வழக்கமாக அஸ்தி கரைக்கும் கீரிமலைக் கடலை விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. 1990இல் சனம் இடம்பெயர்ந்த பிறகு கீரிமலை பல வருடம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. அந்தக் காலத்தில்தான் அப்பப்பா செத்தவர். கீரிமலைக்குப் போக வழியில்லாமல் அப்பா சாம்பலைத் திருவடிநிலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தார். "எனக்காவது கீரிமலை கிடைக்கோணும்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி என்று இரண்டாகப் பிரித்தோம். பெரிய முட்டி 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு கீரிமலைக் கடலில் கரைந்தது. காசிக்கென்று ஒரு சின்னச் செம்பு. அப்பாவின் பச்சைக்கரை வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, அதன் வாயை அம்மாதான் கட்டினார்.

அந்த ஆள் வந்தது இந்த நேரத்தில். செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டவர்கள் மூலம் அறிமுகம். மிகவும் தன்மையாகக் கதைத்தார். 85,000 ரூபாய், முழுக்காசும் முதலிலேயே. அண்ணா அனுப்பினார், கொடுத்தோம். பற்றுச்சீட்டு கேட்டதற்கு "கரைச்ச பிறகு எல்லாம் சேர்த்துத் தாறன்" என்றார். அஸ்தியை விமானத்தில் கொண்டு போவதென்றால் மரணச் சான்றிதழும் தகனம் செய்ததற்கான அத்தாட்சியும் பொதுவாகக் கேட்பார்கள். இவர் ஒரு துண்டுக் கடதாசிகூட எங்களிடம் வாங்கவில்லை.

டிசம்பரில் வட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. ஆற்றங்கரை, ஒரு ஐயர், கையில் செம்பு. அம்மா ஒருமுறைதான் பார்த்தார். "இது என்ர கட்டு இல்லை" என்றார். வீடியோவில் இருந்த செம்பின் வாயில் சிவப்புப் பட்டு.

எப்படிக் கொண்டு போனீர்கள் என்று கேட்டேன். போன கிழமை காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினம் போய், அங்கிருந்து ரயிலில் என்றார். அந்தக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது என்பதும், மழைக்காலத்துக் கடல் கொந்தளிப்பில் அதை நிறுத்திவைப்பார்கள் என்பதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். துறைமுகப் பக்கம் வேலை செய்யும் மாமாவிடம் கேட்டோம். அந்த ஆள் சொன்ன கிழமையில் கப்பல் ஓடவே இல்லை.

மாமாவோடு நேரே அந்த ஆளின் கடைக்குப் போனோம். முதலில் சத்தம் போட்டார், அப்புறம் பின்னறையைத் திறந்தார். தகரத் தட்டில், மெழுகுதிரிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், பச்சைக்கரைத் துணி கட்டிய எங்கள் செம்பு. முடிச்சுக்கூட அவிழவில்லை. மாமா அதை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. காசு இன்றுவரை வரவில்லை.

எங்களுக்கு அந்தத் துணி அடையாளமாக இருந்தது. அது இல்லையென்றால்? நன்றாக எரிந்த எலும்பில் ஆளை அடையாளம் காணும் மரபணு பெரும்பாலும் மிஞ்சாது. மாற்றிக் கொடுத்தால் எந்த ஆய்வுகூடத்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். இந்த ஆட்களுக்கு இருக்கிற துணிச்சலே அதுதான்.

காசிக்கோ இராமேஸ்வரத்துக்கோ அனுப்ப விரும்பினால் குடும்பத்தில் ஒருவர் கூடப் போகப் பாருங்கள். முடியாவிட்டால், போகிறவரின் பயணச்சீட்டைப் பார்த்த பிறகு செம்பைக் கொடுங்கள். முழு அஸ்தியையும் ஒருவர் கையில் கொடுக்கவே வேண்டாம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளே, காசு அனுப்ப முன்னம் ஊரில் இருக்கிறவர்களை ஒருமுறை நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தட்டில் எங்கள் செம்பு மட்டும் இருக்கவில்லை. பெயர் எழுதி ஒட்டிய வேறு செம்புகளும் முட்டிகளும் இருந்தன. இப்படி யாரிடமாவது அஸ்தி கொடுத்துவிட்டு வீடியோவுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே நேரில் போய், உங்களுடையதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.