விசைப்படகு என்ஜினில் ஹைட்ரஜன் கருவி: பாம்பனிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

தொண்டியில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், டீசல் மிச்சமாகும், புகை குறையும் என்று சொல்லி விற்கப்படும், டீசல் என்ஜினில் பொருத்தும் ஹைட்ரஜன் கருவியின் விலை இறங்கியிருப்பதாகச் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டார். பாம்பன் தெற்குவாடியில் நிற்கும் எங்கள் படகில் அதே வகைக் கருவி சில மீன்பிடித் தடைக்காலங்களைத் தாண்டி ஓடியிருப்பதால், தொலைபேசியில் சொல்லி முடியாத பதிலை எழுதியே தருகிறேன். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வரும் வாயுவைக் காற்றோடு சேர்த்து என்ஜினுக்குள் அனுப்பும் ஏற்பாடு என்பது அவருக்குத் தெரியும். ஆகவே நேராக, அந்தத் தொட்டி நீர் கடலில் எழுப்பும் நுரைக்கு வருகிறேன்.

இந்தக் கருவிகள் சாலையில் ஓடும் வண்டிகளை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. லாரி குலுங்கும், படகைப் போல ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் புரளாது. ஜூன் 14-ஆம் தேதியோடு தடைக்காலம் முடிந்து நாங்கள் கடலுக்குப் போகும் நாட்களில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலமாக இருக்கும். பாக் நீரிணைப் பக்கம் பெண் கடலாக அடங்கிக் கிடக்கும்போது எங்கள் மன்னார் வளைகுடா ஆண் கடலாகப் புரட்டியெடுக்கும். அந்தப் புரட்டலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் கலந்த நீர் தொட்டிக்குள் அலைந்து, நுரைத்து, வாயுக் குழாய் வழியே காற்றுக் குழாயை எட்டிவிடுகிறது. புதுக் குழாய்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறுவதால் நுரை இன்னும் பெருகுகிறது. இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஒரு நாள் மெக்கானிக் தம்பி ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, "அண்ணே, காத்துக் குழாயில உப்பு பூத்திருக்கு" என்றார். கடல் உப்பு என்றுதான் அவர் நினைத்தார். கையுறை போட்டு அந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி, அதன்மேல் சில சொட்டு வினிகர் விட்டதும் அது பொங்கியது. கடல் உப்பு வினிகரில் பொங்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு காரம் சேர்ந்து உண்டாகும் பொட்டாசியம் கார்பனேட் பொங்கும். பொருக்கைத் துடைத்த இடத்தில், முழங்கை போல வளையும் அந்த அலுமினியக் குழாயின் உட்புறம் அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருந்தது. காரம் அலுமினியத்தைத் தின்னும். டர்போ உள்ள என்ஜின் வைத்திருப்பவர்கள், காற்றை அழுத்தித் தள்ளும் சக்கரமும் பெரும்பாலும் அலுமினியமே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொட்டியைப் படகின் நடுக்கோட்டில், எவ்வளவு தாழ வைக்க முடியுமோ அவ்வளவு தாழ வைத்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், வாயுக் குழாயை எங்கும் தொய்வில்லாமல் மேல்நோக்கியே கொண்டு போய், இடையில் வாயு குமிழ்களாகக் கடந்து போகும்படி சுத்த நீர் உள்ள ஒரு பப்ளரும், அதற்கப்பால் எவர்சில்வர் நார் அடைத்த ஒரு காலி டப்பாவும் பொருத்தியபின் நுரை பெருமளவு அடங்கியது. பெரும் புரட்டலில் அந்தக் காலி டப்பாவின் அடியிலும் ஈரம் சேரத்தான் செய்தது. கரைக்கு வந்ததும் அதைத் திறந்து வடிப்பது ஒரு நிரந்தர வேலையாகிவிட்டது. இவ்வளவு விலை கொடுத்த பொருள் இப்படி ஒரு வேலையைத் தலையில் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தொட்டி நீர் பழுப்பாக மாறினால் முதலில் ஊற்றிய தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். நம் கரையோரக் கிணற்று நீரின் உவர்ப்பைச் சொல்லத் தேவையில்லை. அதிலுள்ள குளோரைடு, கருவிக்குள் நீரைப் பிரிக்கும் தகடுகளின் 316 வகை எவர்சில்வரையும் அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. ஃபியூஸ் மதியத்துக்கு மேல் மட்டும் போனால் காரணம் சூடு: நீர் சூடாகச் சூடாக மின்தடை குறைந்து, காலையில் 15 ஆம்பியர் இழுத்த கருவி பிற்பகலில் இருமடங்கு கேட்கும். மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. கருவிக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயைச் சாவியோடு இணைக்காமல், என்ஜின் நின்றதும் தானே துண்டிக்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்சோடு இணையுங்கள். என்ஜின் நின்றபின்னும் சாவி திறந்திருந்தால், மூடிய என்ஜின் அறைக்குள் ஹைட்ரஜன் சேரும்; காற்றில் 4 சதவீதம் தொட்டாலே அது பற்றக்கூடியது, ஒரு சிறு பொறி போதும். அந்த அறையில் ஆள் படுத்து உறங்கும் படகுகளும் உண்டு.

நியாயமாகச் சொன்னால், கருவியின் கட்டுமானம் நேர்த்தியானது. தகடுகள் இன்றும் பளிச்சென்றே இருக்கின்றன. விற்றவர்கள் தொலைபேசியில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். பொருத்தியபின் புகை குறைந்தது, என்ஜின் சத்தமும் மெதுவானது. ஆனால் அதே தடைக்காலத்தில் டீசலைத் தெளிக்கும் நாசில்களைச் சோதித்துச் சரிசெய்து, ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தோம். பிறகு கருவியை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோதும் புகை கூடவில்லை, டீசல் செலவும் மாறவில்லை.

கணக்கும் அதையே சொல்கிறது. ஆறு அறைகள் கொண்ட கருவி 20 ஆம்பியரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் வாயு தரும். அதில் ஹைட்ரஜன் மூன்றில் இரண்டு பங்கு, அதன் எரிசக்தி சுமார் 150 வாட். அதைப் பிரிக்க 280 வாட் மின்சாரம் போகிறது. அந்த மின்சாரத்தைத் தர ஆல்டர்னேட்டர் என்ஜினிடமிருந்து வாங்குவது 450 வாட்டுக்கும் மேல். ஹைட்ரஜன் எரிபொருளாக உதவுவதில்லை, டீசலை நன்றாக எரியத் தூண்டுகிறது என்பார்கள். ஹைட்ரஜனைக் கணிசமான பங்கில் சேர்த்தால் கரிப்புகை குறையும் என்பது உண்மைதான். ஆனால் 6 லிட்டர் என்ஜின் 1800 சுற்றில் நிமிடத்துக்கு 5000 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது; அதற்குள் இந்த ஒன்றேகால் லிட்டர் எந்த மூலைக்கு?

ஆகவே நண்பருக்கு என் பதில்: விலை பாதியானாலும் வேண்டாம். எங்கள் கருவியைக் கழற்றி, காரத்தை நீர்க்கச் செய்து வடித்து, குழாய்த் துளையை அடைத்துவிட்டோம். அந்தப் பணத்தில் நாசில்களையும் பம்பையும் சோதித்து, படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய பாசியையும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரிகளையும் சுரண்டி, பெயிண்ட் அடியுங்கள். புரொப்பல்லரின் இலை வளைந்திருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.