ஊனோ வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், தண்டத்தைப் பாருங்கள்

பொம்மைக் கடையில் ஊனோ என்ற கார்டு விளையாட்டை அடுக்கியிருக்கும் தட்டு முன்னால் நின்றால் குழப்பம்தான். பழைய ஊனோ ஒரு பக்கம். அதை ஒட்டி மைன்கிராஃப்ட் ஊனோ, ஹாரி பாட்டர் ஊனோ, சூப்பர் மாரியோ ஊனோ. கீழ்த்தட்டில் ஃபிளிப், நோ மெர்சி. எல்லாமே நிறத்துக்கு நிறம், எண்ணுக்கு எண் போடுகிற அதே விளையாட்டுதானே, எதை எடுத்தால் என்ன என்று தோன்றும். கார்டு போடும் விதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எதிராளியை எவ்வளவு தூரம் தண்டிக்கலாம் என்பதில் ஒவ்வொரு பெட்டியும் வேறு. ஒரு கார்டால் ஒருவரை 4 எடுக்க வைப்பதோடு ஒன்று நிறுத்திக்கொள்ளும். இன்னொன்று 10 எடுக்க வைக்கும், ஆளையே ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளும். வீட்டில் யார் யார் உட்கார்ந்து ஆடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பழைய ஊனோவிலிருந்து தொடங்குவோம், மற்றதெல்லாம் அதன்மேல் கட்டியதுதான். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு நிறம். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு 0, 1 முதல் 9 வரை இரண்டிரண்டு, அப்புறம் ஸ்கிப், ரிவர்ஸ், பிளஸ் டூ இரண்டிரண்டு. ஆக நிறத்துக்கு 25. நிறமில்லாத வைல்டு (எதன்மேலும் போட்டு, வேண்டிய நிறத்தைச் சொல்லலாம்) 4, பிளஸ் ஃபோர் (நிறம் சொல்வதோடு அடுத்தவரை 4 எடுக்கவும் வைக்கும்) 4. மொத்தம் 108. இப்போது வரும் பெட்டிகளில் இன்னும் நான்கு வைல்டு சேர்ந்து 112 இருக்கும். அவற்றில் சில வெற்றுக் கார்டுகள், விதியை நாமே எழுதிக்கொள்ளலாம். பலர் அதை எடுத்துத் தனியே போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஆளுக்கு 7 கார்டு. மீதிக் கட்டைக் கவிழ்த்து வைத்து, மேலே இருப்பதைத் திறந்து பக்கத்தில் போட வேண்டும். அதன் நிறமோ எண்ணோ குறியோ ஒத்துப்போகிற ஒரு கார்டை, முறை வருபவர் அதன்மேல் போடலாம். இல்லையென்றால் கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தது பொருந்தினால் அப்போதே போடலாம், பொருந்தாவிட்டால் முறை அடுத்தவருக்கு. ஸ்கிப் அடுத்தவரைத் தாண்டிப் போகும், ரிவர்ஸ் சுற்றைத் திருப்பிவிடும், பிளஸ் டூ விழுந்தவர் இரண்டு எடுத்துக்கொண்டு முறையையும் இழப்பார். கையில் ஒன்றே ஒன்று மிஞ்சும்போது "ஊனோ" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டதை, அடுத்தவர் ஆடத் தொடங்குமுன் யாராவது பிடித்துவிட்டால் 2 கார்டு தண்டம்.

முதலில் கை காலியாகிறவர், மற்றவர்கள் கையில் மிஞ்சியதன் மதிப்பையெல்லாம் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். எண் கார்டுக்கு அதன் எண், ஸ்கிப், ரிவர்ஸ், பிளஸ் டூவுக்கு 20, வைல்டு வகைக்கு 50. முதலில் 500 தொட்டவருக்கு வெற்றி. நம் வீடுகளில் இந்தக் கணக்கை யாரும் வைப்பதாகத் தெரியவில்லை. ஒரு சுற்று முடிந்ததும் "அடுத்த ஆட்டம் போடு" என்று கலைத்துவிடுகிறார்கள். இதில் பாதிச் சுவை போய்விடுகிறது என்பது என் எண்ணம். கணக்கு இருந்தால், பிளஸ் ஃபோரைக் கடைசிவரை பதுக்கி வைத்திருப்பவர் வேறு யாராவது முந்திக்கொள்ளும்போது 50 புள்ளியைத் தூக்கிக் கொடுக்க வேண்டிவரும். கணக்கே இல்லையென்றால் பதுக்குவதில் ஒரு நஷ்டமும் இல்லை, எல்லோரும் பதுக்குவார்கள்.

இந்த ஆட்டம் ஏழு வயதுப் பிள்ளைக்கும் சட்டென்று பிடித்துப்போவதற்குக் காரணம் உண்டு. மேலே சிவப்பு 5 கிடக்கிறது என்று வையுங்கள். 108 கட்டில் மீதி 107. அதில் 24 சிவப்பு, மற்ற நிறங்களில் ஆறு 5, நிறமற்றவை 8. ஆக 38 கார்டு பொருந்தும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கையில் 7 இருந்தால் போடுவதற்கு ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருந்துவிடும்.

சண்டை வருவது பிளஸ் ஃபோரில். அதை நினைத்த நேரத்தில் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே கிடக்கும் நிறத்தில் ஒரு கார்டுகூடக் கையில் இல்லாதபோதுதான் போடலாம் என்பது விதி. எண் ஒத்துப்போகிற கார்டு இருக்கலாம், நிறம் இருக்கக் கூடாது. அப்படியானால் நிறத்தை வைத்துக்கொண்டே போட்டால்? போடலாம், மாட்டிக்கொள்ளாதவரை. எதிராளி சந்தேகப்பட்டால் "கையைக் காட்டு" என்று கேட்கலாம். பொய் என்று தெரிந்தால் போட்டவரே நான்கையும் எடுக்க வேண்டும். உண்மை என்றால் கேட்டவருக்கு 4 போதாது, 6. இந்த ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பழைய ஊனோ வெறும் அதிர்ஷ்ட ஆட்டமாக இல்லாமல் முகம் பார்த்து ஆடும் ஆட்டமாகிவிடும். அதிகம் பேருக்கு இது தெரியாமலே போவது ஆச்சரியம்தான்.

இன்னொரு சண்டை, பிளஸ் டூமேல் பிளஸ் டூ அடுக்கலாமா என்பது. ஊர் உலகமெல்லாம் அடுக்குகிறார்கள். ஆனால் 2019-இல் ஊனோவின் ட்விட்டர் கணக்கே வந்து, பிளஸ் ஃபோர் விழுந்தால் நான்கை எடுத்துக்கொண்டு முறையை இழக்க வேண்டியதுதான், அதன்மேல் பிளஸ் டூ போட்டு அடுத்தவரை 6 எடுக்க வைக்க முடியாது என்று சொன்னது. கேட்டவர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கொதிப்புக்கு என்ன மருந்து வந்தது என்பதை நோ மெர்சியில் பார்ப்போம்.

படம் போட்ட பெட்டிகள்

இப்போது மைன்கிராஃப்ட் வகைக்கு வருவோம். இவற்றின் ரகசியம் எளிது: பழைய ஊனோ முழுதாக அப்படியே இருக்கும், படம் மாறும், கூடவே கதைக்குப் பொருத்தமாக ஒரே ஒரு சிறப்புக் கார்டு வரும். ஆகவே படப் பெட்டி வாங்கும்போது நீங்கள் உண்மையில் வாங்குவது அந்த ஒரு கார்டைத்தான்.

மைன்கிராஃப்டில் அது கிரீப்பர், அந்த வீடியோ கேமில் பக்கத்தில் வந்து வெடிக்கும் பூதம். அதைப் போட்டால் மற்ற எல்லோரும் ஆளுக்கு 3 எடுக்க வேண்டும். ஆறு பேர் ஆடினால் ஒரே கார்டில் 15 கார்டு கட்டிலிருந்து காலி! பிளஸ் ஃபோர் ஒருவரைக் குறிவைக்கிறது, அதனால் மனஸ்தாபம் வருகிறது. கிரீப்பர் எல்லோர் தலையிலும் சமமாக விழுகிறது, யாரும் "என்னை மட்டும் ஏன்" என்று கேட்க முடியாது. அழுகிற பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது நல்ல தண்டம். ஆட்டம் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

சரி, மைன்கிராஃப்டே தெரியாத பிள்ளைக்கு இதை வாங்க வேண்டுமா? வேண்டாம். முன்னால் சொன்ன வெற்றுக் கார்டை எடுத்து, பென்சிலால் "எல்லாரும் 3 எடு" என்று எழுதுங்கள். கிரீப்பர் தயார். உங்கள் வீட்டுக் கதையையே எழுதலாம்: "பாட்டி சொல்லும் நிறம்", "அடுத்தவர் ஒரு பாட்டுப் பாடும்வரை முறை கிடையாது". காசு கொடுத்து வாங்கும் சிறப்புக் கார்டுகளில் சில இந்த அளவுக்குக்கூடச் சுவாரசியமாக இருப்பதில்லை.

படப் பெட்டிகளில் எனக்கு ஒரு குறை உண்டு. கார்டு முழுக்கப் படம் நிறைந்திருந்தால் நிறம் சட்டென்று கண்ணில் படாது. பழைய ஊனோவில் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே மஞ்சளா பச்சையா என்று தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். அவர்களை நினைத்து 2017-இல் கலர்ஆட் குறிகள் போட்ட ஊனோ வந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்ன வடிவம், மூலையில். 2019-இல் பிரெயில் எழுத்துள்ள ஊனோவும் வந்தது. என்னைக் கேட்டால் கார்ட்டூன் படம் போட்டதைவிட உருப்படியான மாற்றங்கள் இவைதான்.

வேடிக்கைக்கு ஒன்று சொல்கிறேன். அதே 2019-இல் அமெரிக்காவில் சிவப்பும் நீலமும் இல்லாத ஊனோ ஒன்றை வெளியிட்டார்கள். அங்கே அந்த இரண்டும் இரு கட்சிகளின் நிறம். அவற்றுக்குப் பதில் ஆரஞ்சும் ஊதாவும். ஆட்டத்தின் நடுவே அரசியல் பேசுகிறவருக்கு முறை போகும்! பொங்கலுக்கு ஊர் கூடும் சில குடும்பங்களுக்கு இப்படியொன்று தேவைப்படும்.

ஃபிளிப்பும் நோ மெர்சியும்

2019-இல் வந்த ஃபிளிப்தான் இந்தக் குடும்பத்திலேயே புத்திசாலிப் பிள்ளை. 112 கார்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம். வெளிச்சப் பக்கத்தில் வழக்கமான நான்கு நிறம், தண்டமும் லேசு: பிளஸ் ஒன், வைல்டு பிளஸ் டூ. யாராவது ஃபிளிப் கார்டைப் போட்டால் கை, கட்டு, போட்ட குவியல் எல்லாவற்றையும் அப்படியே புரட்ட வேண்டும். இருட்டுப் பக்கத்தில் நிறங்களே வேறு: இளஞ்சிவப்பு, நீலப்பச்சை, ஆரஞ்சு, ஊதா. அங்கே பிளஸ் ஃபைவ் உண்டு. எல்லோரையும் தாண்டி மறுபடி நானே ஆடும் ஸ்கிப் உண்டு. சொன்ன நிறம் வரும்வரை அடுத்தவரை எடுக்கவைக்கும் ஒரு கொடூரமான வைல்டும் உண்டு. அதில் எத்தனை எடுக்க வேண்டிவரும் என்பது அவரவர் தலையெழுத்து.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. நீங்கள் வெளிச்சப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கார்டுகளின் இருட்டுப் பக்கம் எதிரே இருப்பவருக்குத் தெரியும். அதாவது புரட்டினால் உங்களுக்கு என்ன வரும் என்று அவருக்குத் தெரியும், உங்களுக்கும் அவருடையது தெரியும். எதிரே நிறைய பிளஸ் ஃபைவ் தென்பட்டால் ஃபிளிப்பை அமுக்கி வைத்துக்கொள்வது நல்லது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, பழைய ஊனோ சலித்துப்போனவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். எந்தப் பக்கம் என்று குழம்பி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

நோ மெர்சி 2023-இல் வந்தது. அடுக்கக் கூடாது என்று சொன்ன அதே ஊனோ, இதில் அடுக்கலாம் என்று விதிப்புத்தகத்திலேயே போட்டுவிட்டது. மொத்தம் 168 கார்டு, பிளஸ் 6, பிளஸ் 10 எல்லாம் உண்டு. விழுந்ததற்குச் சமமானதையோ பெரியதையோ போட்டு அடுத்தவர் தலையில் தள்ளலாம். பிளஸ் ஃபோருக்குப் பதிலாக பிளஸ் டூ செல்லாது. போட ஒன்றும் இல்லையென்றால் ஒன்று எடுத்துத் தப்பிக்க முடியாது, பொருந்துவது வரும்வரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 0 விழுந்தால் எல்லோரும் கையை அப்படியே பக்கத்தவரிடம் கொடுக்க வேண்டும். 7 போட்டவர் யாராவது ஒருவரோடு கையை மாற்றிக்கொள்வார். கையில் 25 சேர்ந்தால் ஆள் அவுட். இரண்டு பிளஸ் 10 அடுக்கி வந்து, கையில் 5 வைத்திருந்தவர்மேல் விழுந்தால் சரியாக 25, கதை முடிந்தது. கல்லூரி விடுதி அறைக்கு இதைவிடப் பொருத்தமான ஊனோ கிடையாது. அதே ஆட்டத்தை எட்டு வயதுத் தங்கையை வைத்துக்கொண்டு ஆடினால், அவள் சீக்கிரமே வெளியேறி மீதி ஆட்டம் முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். சின்னக் கைக்கு 20 கார்டைப் பிடிக்கவும் முடியாது.

பெட்டியே வாங்காமல்

வீட்டில் சாதாரணச் சீட்டுக்கட்டு இருந்தால் செலவே இல்லை. ஊனோ பிறந்ததே கிரேசி எய்ட்ஸ் என்ற சீட்டாட்டத்திலிருந்துதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ், அந்த ஆட்டத்தின் விதி பற்றி மகனோடு வந்த வாக்குவாதத்துக்குப் பிறகு 1971-இல் இதை உருவாக்கினார். குடும்பம் சேர்ந்து 8,000 டாலர் போட்டு 5,000 கட்டு அச்சடித்து, கடையிலேயே வைத்து விற்றார்கள். மேட்டல் என்ற பொம்மை நிறுவனத்தின் கைக்கு இது வந்தது 1992-இல்.

கிரேசி எய்ட்ஸில் ஆளுக்கு 5 சீட்டு, இருவர் என்றால் 7. இஸ்பேடுக்கு இஸ்பேடு, 9-க்கு 9. எட்டுதான் வைல்டு, போட்டவர் வேண்டிய இனத்தைச் சொல்லலாம். அடிப்படை ஆட்டத்தில் தண்டமே கிடையாது. கொஞ்சம் காரம் வேண்டுமென்றால் ஜெர்மானியர்களின் மௌ மௌ விதிகளை எடுத்துக்கொள்ளலாம். 7 விழுந்தால் இரண்டு எடு, 8 விழுந்தால் முறை போச்சு, ஜாக் போட்டவர் இனத்தைக் கேட்கலாம். கழுதையும் ரம்மியும் ஆடிப் பழகிய தாத்தா பாட்டிக்கு இது உடனே கைவரும். ஊனோவின் அம்புக்குறிகள்தான் அவர்களைக் குழப்பும். ஆனால் சீட்டுக்கட்டை வெளியே எடுத்தாலே "வீட்டுல என்ன சூதாட்டம்" என்று முறைக்கும் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இது செல்லாது. வண்ண வண்ணமான ஊனோவை அவர்களே உட்கார்ந்து ஆடுவார்கள்.

ஏழெட்டுப் பேர், எல்லா வயதும் கலந்து ஆடுவதாக இருந்தால் பழைய ஊனோவை எடுங்கள், கூடவே புள்ளிக் கணக்குக்கு ஒரு நோட்டு. பிள்ளை மைன்கிராஃப்ட் பைத்தியம் என்றால் அந்தப் பெட்டி தப்பில்லை. பதின்வயதினர் நாலு பேருக்கு ஃபிளிப்.

இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்கு ஊனோ கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். இருவர் ஆடும்போது ரிவர்ஸும் ஸ்கிப் ஆகிவிடுவதால், நல்ல கை வந்தவர் ஒரே மூச்சில் நாலைந்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர்களுக்கு 2018-இல் வந்த டோஸ் என்ற கார்டு ஆட்டம் பொருத்தம். நடுவில் எப்போதும் குறைந்தது இரண்டு கார்டு திறந்திருக்கும், எண்ணுக்கு எண் போடலாம், அல்லது கையிலுள்ள இரண்டைக் கூட்டி அந்த எண்ணைக் கொண்டுவந்தும் போடலாம். நிறமும் சேர்ந்து பொருந்தினால் கூடுதல் சலுகை. 200 புள்ளியில் ஆட்டம் முடிந்துவிடும்.