ட்ரெல்லோவில் மூணு வருஷம்: முடிந்த கார்டை எப்போது ஒதுக்குவது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரை ஆரம்பத்திலிருந்து அனுப்புவதுவரை கவனிக்கும் வேலை) இருக்கிறேன். ஒரு ஆர்டர் என்றால் நூல், நிட்டிங், டையிங், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஆளுக்கொரு மூலையில் நடக்கும். இதையெல்லாம் நோட்டிலும் வாட்ஸ்அப்பிலும் வைத்து மல்லுக்கட்ட முடியாமல் மூன்று வருடத்துக்கு முன்னால் ட்ரெல்லோவுக்கு மாறினோம், போர்டில் கார்டுகளை லிஸ்ட் விட்டு லிஸ்ட் நகர்த்தி வேலையைக் கவனிக்கும் ஆப் அது. நிறத்துக்கு ஒரு கார்டு, வேலைக்கு ஒரு லிஸ்ட்.

அதிலேயே இருக்கும் பட்லர் என்ற ஆட்டோமேஷனில் நான் முதலில் எழுதிய விதிகள் இரண்டுதான். செக்லிஸ்ட் முழுக்க டிக் ஆனால் கார்டு 'முடிந்தது' லிஸ்டுக்குப் போக வேண்டும், ஞாயிறு ராத்திரி அந்த லிஸ்டில் இருப்பதெல்லாம் ஆர்கைவ் ஆக வேண்டும், அதாவது அழியாமல் போர்டிலிருந்து மறைய வேண்டும். போர்டு பளிச்சென்று இருந்தது, முதலாளியே பாராட்டினார்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை நேவி ப்ளூ ரோலை விரித்தால் ஷேடு வேற வேறயாக நிற்கிறது. கட்டிங் மாஸ்டர் போன் போட்டார்: "ஏனுங்க, மறுபடி சாயம் போடணும், ரீபிராசஸ்னு எழுதலாம்னா நேவி கார்டையே காணமுங்க, அழிச்சுப்போட்டீங்களா?" அழியவில்லை, ஆர்கைவில் இருந்தது. சனிக்கிழமை சம்பள நாள், கிளம்புகிற அவசரத்தில் பையன் எல்லாத்தையும் டிக் போட்டுவிட்டான், விதி தன் வேலையைச் செய்துவிட்டது. நான் பார்ப்பதற்குள் மாஸ்டர் புதுக் கார்டு ஒன்று போட, ஒரே நிறத்துக்கு இரண்டு கார்டு ஆகி, பழையதைப் பார்த்து நான் காலருக்கு வைக்கும் ரிப் துணியையும் சாயத்துக்கு அனுப்பிவிட, இரண்டு நாள் கட்டிங் டேபிள் சும்மா கிடந்தது. விதி எழுதியது நான்தான், யாரைத் திட்ட?

இப்போது டிக்கை நம்பி எதுவும் ஆர்கைவுக்குப் போவதில்லை. சரக்கு லாரி ஏறியதும் பேக்கிங் அக்கா ஒரு பச்சை லேபிள் ஒட்டுவார், அது இருந்தால் மட்டும்தான் போகும். விதிகளையும் குறைத்துவிட்டேன், இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 250 தடவைதான் ஓடும், கண்டதுக்கெல்லாம் விதி போட்டால் இருபதாம் தேதிக்கே தீர்ந்துவிடும்.

இன்னொன்று, லிஸ்டையே மொத்தமாக ஆர்கைவ் பண்ணாதீர்கள். அதிலுள்ள கார்டுகள் தனித்தனியாக ஆர்கைவ் ஆவதில்லை, லிஸ்டோடு சேர்ந்து மறைகின்றன. மெனுவில் ஆர்கைவான கார்டுகளைப் புரட்டினால் அங்கே இருக்காது, லிஸ்டுகள் பக்கம் மாற்றி முதலில் லிஸ்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தெரியாமல் ஒரு முழு மத்தியானம் தேடியிருக்கிறேன்.

டெலீட் மட்டும் யாரையும் தொட விடுவதில்லை. போன மாதம் பழைய பையர் ஒருவர் ரிபீட் ஆர்டர் கொடுத்தார், நேவிதான். ஆர்கைவிலிருந்து கார்டை எடுத்தேன்: 30-ஆம் கவுண்ட் நூல், சிங்கிள் ஜெர்சி துணி, 160 ஜிஎஸ்எம் எடை, ஓகே ஆன லேப் டிப் (சாய மாதிரித் துண்டு) போட்டோ, கீழே மாஸ்டர் எழுதியது, "ரிப்பும் துணியும் ஒரே லாட்டுல போடுங்க." அப்படியே காப்பி எடுத்து டையிங் லிஸ்டில் போட்டேன்.