76 பகுதிகள், ஒரே ஒரு ‘ஐ’

சென்ற வாரம் பழைய அலுவலகத் தோழி ஒருத்தி கேட்டிருந்தாள்: “அக்கா, அந்த ஜென் ஹுவான் தொடரை ஆரம்பிக்கலாமா? 76 பகுதியாமே, தாங்குமா?” ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட நேரம் சரியில்லை. முந்தைய இரவுதான் அதை மூன்றாம் முறையாகப் பார்த்து முடித்துவிட்டு, கும்பிடுவதா திட்டுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கதையைச் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. சீனப் பேரரசர் யோங்செங்கின் அந்தப்புரம். தேர்வாகிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு போய்த் தேர்வாகிவிடும் பெண், ஜென் ஹுவான். காதல், துரோகம், துறவு. பிறகு திரும்பி வந்து ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்ப்பது. 2011இல் வந்த தொடர். ஜெங் சியாவோலோங் இயக்கியது, சுன் லி நடித்தது. என் வழக்கு இவர்கள் யார் மீதும் இல்லை. சப்டைட்டில் மீது. அதிலும் ஒரே ஓர் எழுத்தின் மீது.

எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் ஒரு தொடரை இரண்டு முறை முழுதாகக் கேட்டால் சில ஒலிகள் காதில் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஒட்டியது ‘சென்ச்சியே’. பேரரசர் எதிரில் நிற்கும் மனைவியர் எல்லோரும் வாக்கியத்துக்கு ஒருமுறை அதைச் சொல்கிறார்கள். ‘குடிமகளும் துணைமனைவியுமான இவள்’ என்பது போன்ற பொருள். நம் ‘அடியாள்’ அதற்கு அண்டையில் நிற்கும். புதிதாக வந்த கீழ்நிலைப் பெண்கள் மூத்தவர்கள் முன் ‘பின்ச்சியே’ என்கிறார்கள், அது இன்னும் ஒரு படி கீழே. தனி அரண்மனைக்குத் தலைவியாகிவிட்டால் தனக்குக் கீழ் உள்ளவர்களிடம் ‘பென்கோங்’, அதாவது ‘இந்த அரண்மனை’. ஆளே கட்டடமாகிவிடுகிறாள். பணிப்பெண் ‘நுபி’, பேரரசரின் தாய் ‘அய்ஜியா’, பேரரசர் ‘ஜென்’. கதாநாயகியின் குடும்பப் பெயரும் ஜென்தான். எழுத்து வேறு, தொனி வேறு. என் தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டு, முதல் பத்துப் பகுதிகள் பேரரசர் ஏன் அவளையே இத்தனை முறை கூப்பிடுகிறார் என்று குழம்பியிருந்தேன்.

‘நான்’ என்பதற்கான இத்தனை சொற்களுக்கும் ஆங்கில சப்டைட்டிலில் இருப்பது ஒன்றே ஒன்று: ‘ஐ’. மண்டியிட்டவளும் ‘ஐ’, மண்டியிட வைத்தவனும் ‘ஐ’, தேநீர் கொண்டுவந்தவளும் ‘ஐ’. பழந்தமிழில் ஐ என்றால் தலைவன். அந்தக் கணக்கில் அந்த அந்தப்புரத்தில் எல்லோருமே தலைவர்கள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வரி, மூன்று நொடி, அதற்குள் கண் படித்து முடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ‘இந்த எளிய மனையாள்’ என்று போட்டால் இரண்டாவது பகுதியிலேயே சிரிப்பு வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தப் படிக்கட்டே கிடையாது, இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? அந்த ஆங்கிலம் இல்லாவிட்டால் நான் இந்தத் தொடரைப் பார்த்திருக்கவே மாட்டேன். இவ்வளவும் உண்மை. ஆனாலும் நான் பார்க்கும் தளத்தில் ‘திருத்திய சப்டைட்டில்’ என்று அறிவிப்பு வந்ததை நம்பித்தான் மூன்றாம் முறை உட்கார்ந்தேன். பெயர்களின் எழுத்துக்கூட்டலைத் திருத்தியிருக்கிறார்கள், காற்புள்ளிகளைத் திருத்தியிருக்கிறார்கள். ‘ஐ’ அசையவில்லை.

ஓர் எழுத்துக்கு இவ்வளவு கோபமா என்றால், இந்தத் தொடரில் பழிவாங்கலே அந்தச் சொற்களைக் கொண்டுதான் நடக்கிறது. நாயகிமீது கள்ளக்காதல் குற்றம் சுமத்தும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் இரத்தத் துளி தண்ணீரில் கலக்கிறதா என்று சோதிப்பார்களே, படிகாரம் போட்ட தண்ணீரில், அதே காட்சி. குற்றம் சாட்டுபவள் எழுந்து சொல்லும் முதல் சொல் ‘சென்ச்சியே’. தலை குனிந்திருக்கிறது, வாய் ‘அடியாள்’ என்கிறது, அடுத்த சொல்லில் இன்னொருத்தியின் தலை போகப் பார்க்கிறது. ‘ஐ’ என்று போட்டவுடன் அது சாதாரணச் சண்டையாகிவிடுகிறது.

ஹுவா பட்டம் பெற்ற நியான் ஷிலானின் சாவு இன்னும் மோசம். தொடரின் முன்பாதி முழுக்க ‘பென்கோங், பென்கோங்’ என்று அதட்டிக்கொண்டே இருப்பவள் அவள். பேரரசர் அன்பாகக் கொடுத்த நறுமணப் பொடியில் கஸ்தூரி இருந்தது, தனக்குப் பிள்ளை பிறக்கக் கூடாது என்றே அது கொடுக்கப்பட்டது என்று நாயகி சொல்லித் தெரிந்துகொள்கிறாள். அண்ணனின் படைபலத்துக்கு அஞ்சி, தங்கையின் வயிற்றை அடைத்திருக்கிறார்கள். சுவரில் தலையை மோதிச் சாகும் முன் அவள் கதறுவது, “பேரரசே, ஷிலானை எவ்வளவு வதைத்துவிட்டீர்கள்!” அரண்மனையும் இல்லை, அடியாளும் இல்லை, பிறந்த வீட்டில் கூப்பிட்ட பெயர் மட்டும். நான் பார்த்த சப்டைட்டிலில் ‘என்னை’ என்று இருந்தது. அவ்வளவுதான்.

(வரலாற்றுக்காரர்கள் இங்கே கையைத் தூக்குவார்கள்: உண்மையான நியான் துணைவிக்கு நான்கு குழந்தைகள் பிறந்தன, நான்கும் சிறுவயதிலேயே இறந்தன. நாயகி பின்னால் காதலிக்கும் இளவரசர் யுன்லியும் தொடரில் வருவதுபோல் யோங்செங் கொடுத்த நஞ்சால் சாகவில்லை. பேரரசர் 1735இல் இறந்தபின் மூன்று ஆண்டுகள் இருந்தார். மூல நாவல் கற்பனை வம்சம் ஒன்றில் நடப்பது; அதைத் தூக்கிச் சிங் வம்சத்தில் நட்டது தொடர்தான். இந்தக் குறை என்னை உறுத்தவில்லை. எனக்கு உறுத்த வேறு இருக்கிறது.)

பேரரசியின் புலம்பல்தான் சீன இணையத்தில் பெரிய கேலிப்பொருள். சொந்த அக்காவைக் கொன்றவள், எல்லாம் வெளிப்பட்டபின், பேரரசரிடம், உங்களை வெறுக்க எவ்வளவு ஆசைப்பட்டேன், முடியவில்லையே என்று அழுகிறாள். “சென்ச்சியே ஸுவோ பு தாவ் ஆ!” கேலியில் அந்த முழு வாக்கியமும் சுற்றியதற்குக் காரணம் முதல் சொல்தான் என்பது என் கட்சி. வெறுப்பைக்கூட அனுமதி கேட்டுத்தான் வெறுக்க முடிகிறது அவளால்.

இப்போது நான் எதிர்பார்க்காத ஒன்று. நடுவில் நாயகி அரண்மனையை விட்டு வெளியேறித் துறவு மடத்துக்குப் போகும் பகுதிகள் இருக்கின்றன. இறந்துபோன முதல் பேரரசி சுன்யுவானின் சாயல் தன் முகத்தில் இருந்ததால்தான் இத்தனை காதலும் என்று தெரிந்து, பெற்ற மகளை விட்டுவிட்டுப் போகிறாள். அங்கே இளவரசர் யுன்லி வருகிறார். குழல் ஊதுகிறார், கவிதை சொல்கிறார், காய்ச்சலில் கிடந்தவளுக்காகப் பனியில் படுத்துத் தன் உடம்பைக் குளிராக்கிக்கொண்டு வந்து அணைக்கிறார். இவ்வளவு நல்லவரை எனக்குப் பிடிக்கவில்லை; முதல் இரண்டு முறையும் இந்தப் பகுதிகளை வேகமாக ஓட்டிவிட்டேன். மூன்றாம் முறை கோபத்தில் தன்மைச் சொற்களை மட்டும் எண்ணிக்கொண்டே பார்த்ததால் காதில் விழுந்தது: இங்கே அவள் ‘சென்ச்சியே’ சொல்வதில்லை. ‘வோ’ என்கிறாள். வெறும் நான். அவரும் ‘வோ’ என்கிறார். பட்டமில்லாத இரண்டு பேர் வாசலில் உட்கார்ந்து நான், நீ என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

76 பகுதிகளில் அந்த ‘ஐ’ சரியாகப் பொருந்துவது இங்கேதான். காதல் காட்சிகள் சலிப்பாக இருந்ததற்கு யுன்லியின் குழலும் காரணம், ஆனால் பாதிக் காரணம் இதுதான். எல்லோரும் முதலிலிருந்தே ‘ஐ’யாக இருந்தால், இவள் ‘நான்’ ஆனது எப்படித் தெரியும்?

யுன்லி இறந்துவிட்டார் என்ற பொய்ச் செய்தி வருகிறது. வயிற்றில் பிள்ளை. திரும்ப அரண்மனைக்குப் போகிறாள், புதுக் குலப்பெயரோடு, புதுப் பட்டத்தோடு. வாயைத் திறந்தால் மறுபடியும் ‘சென்ச்சியே’. அந்த ஒரு சொல்லை இந்த முறை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சப்டைட்டிலில் வழக்கம்போல் ‘ஐ’.

முதல் தனிச் சந்திப்பில், ஆப்ரிகாட் பூ உதிரும் தூறலில், பேரரசர் தன்னை யுன்லி என்று பொய் சொல்லித்தான் அவளிடம் பேசினார். நெருங்கியபின் அவள் அவரை ‘ஸிலாங்’ என்று கூப்பிட்டாள், நான்காம் மகனானவர் என்பதால். மரணப் படுக்கையில் அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லக் கேட்கிறார். அந்தப் பழைய ஹுவான் செத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு, தன் புதுக் குலப்பெயரைச் சொல்கிறாள். அவரைச் சாகடிக்கும் செய்திகளை ஒவ்வொன்றாகச் சொல்லும்போதும் மரியாதை ஒரு நூல் குறையவில்லை. அடியாள் அடியாளாகவே நின்று முடிக்கிறாள். இந்தக் குரலுக்காகச் சுன் லியை ஆண்டுக்கணக்கில் புகழ்ந்துகொண்டிருந்தேன். பின்னர்தான் அது பின்னணிக் குரல் கொடுத்த ஜி குவான்லின் என்று தெரிந்தது. 2013இல் சர்வதேச எம்மி விருதுக்குப் பரிந்துரை பெற்றது சுன் லி. என் பாதிப் புகழ்ச்சியை இப்போது முகவரி மாற்றி அனுப்புகிறேன்.

கடைசியில் அவளும் ‘அய்ஜியா’ ஆகிறாள். துக்கம் காப்பவள் என்று பொருள். அது மேடை நாடகச் சொல் என்பார்கள், இருக்கட்டும். இந்தப் பாத்திரத்துக்கு மூலமான சியான்லோங் பேரரசரின் தாய் 1777 வரை, 42 ஆண்டுகள், ராஜமாதாவாக இருந்தார். ஹெங்டியன் படப்பிடிப்பு அரங்கில் சுன் லி படுக்கையில் சாய்ந்து கண் மூடும்போது எனக்கு அந்த 42தான் நினைவுக்கு வரும்.

ஆகவே தோழிக்கு என்ன பதில்? இதைவிடக் கூர்மையாக எழுதப்பட்ட அரண்மனைத் தொடரை நான் பார்த்ததில்லை. பார்க்காதே என்று எழுதினேன். அந்த ஒற்றை எழுத்தோடு பார்த்தால் ‘கெட்டவர்களைப் பழிவாங்கிய பெண்’ மட்டும்தான் கிடைப்பாள். அது வேண்டுமென்றால் 2018இல் வந்த யான்சி அரண்மனைக் கதை இருக்கிறது, 70 பகுதி, அக்காவைக் கொன்றவரைத் தேடி வரும் பெண், அடிக்கு உடனே பதிலடி, இழுவையே இல்லை. 2015இல் அமெரிக்காவுக்காக 90 நிமிடம் வீதம் ஆறு பகுதியாக வெட்டிய பதிப்பையும் தொடாதே என்று சேர்த்துக்கொண்டேன். படிக்கட்டை அறுத்து ஏணி செய்த கதை அது.

பதில் அன்றிரவே வந்தது. அவள் ஏற்கனவே நான்கு பகுதிகள் பார்த்துவிட்டாளாம். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டிருந்தாள்: “அக்கா, அந்த ராணிகள் எல்லோரும் மூச்சுக்கு மூச்சு சென்ச்சியே, சென்ச்சியே என்கிறார்களே, அது யாருடைய பெயர்? அவளை மட்டும் இன்னும் காட்டவே இல்லையே?”