வீட்டில் டீப் கிளீனிங், நமக்கு எங்கே ஜாகை? மயிலாப்பூர், கோட்டூர்புரம், எழும்பூர், பெசன்ட் நகர்

சென்னையில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு டீப் கிளீனிங் என்றால் மூன்று பேர், ஐந்து முதல் ஆறு மணி நேரம். ஒன்பதரைக்கு வருவதாகச் சொல்வார்கள். மெஷினை இறக்கி, ஏணி கேட்டு, வேலை தொடங்கப் பத்தாகிவிடும். முடிய மூன்றரை, நான்கு. அதுவரை வீட்டிலேயே இருந்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நகர வேண்டியதுதான். ஆசிட் நெடி வேறு. வெளியே போவதுதான் சரி.

ஆனால் பத்திலிருந்து மூன்றரை வரை என்பது கோயில் நடை சாத்தும் நேரம், பூங்காவைப் பூட்டும் நேரம், கடற்கரை மணல் கொதிக்கும் நேரம். அதனால் இடம் எவ்வளவு அழகு என்பதை அப்புறம் பார்க்கலாம். அந்த நேரத்தில் திறந்திருக்குமா, போன் வந்தால் இருபது நிமிடத்தில் வீட்டுக்கு வந்துசேர முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. மந்தைவெளி, ஆர்.ஏ.புரம், அடையாறு பக்கம் வீடு இருப்பவர்களை மனதில் வைத்து இந்த அலசல்.

போன் எப்போது வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். வேலை மேலிருந்து கீழே இறங்கும்: ஒட்டடை, ஃபேன், ஜன்னல், பிறகு சமையலறை, பாத்ரூம், கடைசியில் தரை. முதல் இரண்டு மணி நேரம் அமைதியாக ஓடும். சமையலறையும் பாத்ரூமும் ஒரே நேரத்தில் தொடங்கும்போதுதான் ‘சார், தண்ணி நின்னுடுச்சு’ என்று அழைப்பு வரும். மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்பிவிட்டுக் கிளம்பினால் இதில் பாதி அழைப்பு வராது. தேய்க்கும் மெஷினையும் வேக்குவத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பாக்ஸ் உருகும், அல்லது எம்.சி.பி. (மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். 15 ஆம்பியர் பாயிண்ட் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

அதைவிட முக்கியம், முதல் அரை மணி நேரம் கூடவே இருப்பது. பழைய அடுக்குமாடி வீடுகளில் மொசைக் தரை அதிகம். மொசைக், மார்பிள் இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆசிட் பட்ட இடம் நுரைத்துப் பளபளப்புப் போய்விடும். மறுபடி பாலிஷ் போட்டால்தான் சரியாகும். கொண்டுவந்த கேன்களைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் ஓர் ஓரமாக இரண்டு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிம்னியின் வலை அலுமினியமா ஸ்டீலா என்பதையும் சொல்லிவிட வேண்டும். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் அலுமினியம் கறுத்து அரித்துவிடும். டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சையும் அடுத்தடுத்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், அதுவும் ஜன்னல் சாத்திய சின்ன பாத்ரூமில். இதைச் சொன்னால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். கேஸ் ரெகுலேட்டரை மூடி, பீரோவையும் பூஜை அறையையும் பூட்டிவிட்டுக் கிளம்பலாம்.

நடந்துபோகும் தூரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது மயிலாப்பூர். இதற்கு ஒரே நிபந்தனை, வேலையை எட்டு மணிக்கே தொடங்க வைக்க வேண்டும். எட்டரைக்கு வெளியே வந்தால் ராயர் மெஸ்ஸில் இட்லி, பொங்கல், கெட்டிச் சட்னி கிடைக்கும். பத்து, பத்தரைக்குமேல் போனால் காலைக் கடை முடிந்திருக்கும். பிறகு கபாலீசுவரர் கோயில். அம்பாள் மயிலாக வந்து பூஜித்ததாகச் சொல்லும் புன்னை மரத்தடியில் கூட்டமில்லாத ஒரு வார நாளில் உட்காருவது தனிச் சுகம். குளத்தைச் சுற்றி மாடவீதியில் பாத்திரக்கடை, பூஜைச் சாமான், காளத்தி கடை ரோஸ்மில்க் என்று பன்னிரண்டு வரை நேரம் போவதே தெரியாது.

பன்னிரண்டரை வாக்கில் கோயில் நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பு. ராமகிருஷ்ண மடம் அதற்கும் முன்பே மூடிவிடும். மாநகராட்சிப் பூங்காக்களும் பெரும்பாலும் நடுப்பகலில் பூட்டுத்தான். சாந்தோம் பேராலயம் மட்டும் கைகொடுக்கும். 1896-இல் முடிந்த கோதிக் பாணிக் கட்டடம். கீழே புனித தோமையார் கல்லறை. ஆனால் மீதி நேரம் முழுவதையும் அங்கே ஓட்ட முடியாது. மெட்ரோ வேலை முடியும் வரை லஸ் பக்கம் ஆட்டோவில் சுற்றுவதும் சுகமில்லை. ஆக மயிலாப்பூர் அரைநாள் வேலைக்குத்தான் லாயக்கு: சமையலறை மட்டும், அல்லது இரண்டு பாத்ரூம் மட்டும் என்று புக் செய்திருந்தால் இதைவிட நல்ல இடம் இல்லை.

முழு வீட்டு வேலை என்றால் எங்கள் ஓட்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு. 2010-இல் திறந்தது, தரைத்தளத்துக்கு மேல் எட்டு மாடி, ஏ.சி., கட்டணம் கிடையாது. முக்கியமாக, மதிய இடைவேளை என்று பூட்டுவதில்லை. மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயிலில் இரண்டாவது நிறுத்தம். வண்டி இருந்தால் போன் வந்த கால் மணி நேரத்தில் வீடு. குழந்தைகள் பிரிவு முதல் மாடியில், செயற்கை மரத்தடியில் உட்கார்ந்து படிக்கும்படி அமைந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சுலபமாக இரண்டு மணி நேரம் தாங்குவார்கள்.

இங்கே சறுக்குவது இரண்டு விஷயத்தில். சொந்தப் புத்தகத்தை மேல்மாடிகளுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அதற்குத் தனிப் பகுதி உண்டு, அங்கே போட்டித் தேர்வு மாணவர்கள் காலையிலேயே இடம்பிடித்துவிடுவார்கள். பையை வாசலில் ஒப்படைக்க வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து பொட்டலம் பொட்டலமாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இன்னொன்று போன். சைலன்டில் போட்டுப் பையில் வைத்துவிட்டால் தண்ணீர் நின்றுபோன அழைப்பு காதில் விழாது. வைப்ரேட்டில் போட்டுச் சட்டைப்பையில் வைத்து, வெளியே வந்து பேச வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகம் இந்த நான்கில் பார்க்க வேண்டியது அதிகமுள்ள இடம். 1851-இல் தொடங்கியது; காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரே வளாகத்தில் பல கட்டடங்கள், பக்கத்திலேயே 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம். அவசரமாகப் போகிறவர்கள் வெண்கலக்கூடத்துக்கு மட்டும் போனாலே போதும். அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைச் சுற்றி வந்து பாருங்கள். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை, மொத்தம் மூன்று. சிவன் பாதிக்கு இரண்டு, அம்மை பாதிக்கு ஒன்று. பின்னாலிருந்து பார்த்தாலும் எந்தப் பாதி யாருடையது என்று இடுப்பு வளைவே சொல்லிவிடும். அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களும் அவசியம் பார்க்க வேண்டியவை.

ஆனால் மந்தைவெளிக்கும் எழும்பூருக்கும் நடுவே ராயப்பேட்டை, அண்ணாசாலை நெரிசல். வரும்போது அரை மணி, சில நாள் முக்கால் மணி. வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால், அல்லது ஏற்கெனவே இரண்டு முறை வந்து வீட்டை அறிந்த ஆட்கள் என்றால் தாராளமாகப் போகலாம். முதல்முறை வரும் ஆட்களை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் போக வேண்டாம். கட்டடம் விட்டுக் கட்டடம் வெயிலில் நடக்க வேண்டும், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

பெசன்ட் நகர் பகலுக்குத் தோதில்லை. அடையாறு பிரம்மஞான சபையில் அந்தப் பழைய ஆலமரத்தைப் பார்க்க ஆசை இருக்கும். தாய் அடிமரம் 1989 புயலில் சாய்ந்தும் விழுதுகள் தோப்பாக நிற்கின்றன. ஆனால் பார்வையாளர்களுக்குக் காலையிலும் பிற்பகலிலும் கொஞ்ச நேரம்தான் கதவு திறக்கும், ஞாயிறு கிடையாது. எலியட்ஸ் கடற்கரைக்கு நாலரைக்கு முன் போய்ப் பயனில்லை. இதற்காகவே சிலர் வேலையை மதியம் இரண்டு மணிக்குத் தள்ளிவைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. பல குடியிருப்புகளில் ஆறு மணிக்குமேல் வெளியாட்களை வேலை செய்ய விடுவதில்லை. விட்டாலும் டியூப்லைட் வெளிச்சத்தில் டைல்ஸ் இடுக்குக் கறை தெரியாது, மறுநாள் காலையில்தான் தெரியும்.

மால்கள் திறந்திருக்கும், குளிரும், பிள்ளைகளோடு போனால் கிளீனிங் கூலியில் பாதி அங்கே கரையும். அவ்வளவுதான்.

கிழமையைப் பொறுத்தவரை புதன், வியாழன் நல்லது. வெள்ளி எழும்பூர் கிடையாது. செவ்வாய் கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் விடுமுறை. ஞாயிறு ஆட்கள் ஒரே நாளில் இரண்டு வீடு ஒப்புக்கொண்டு அவசரப்படுவார்கள்.

எங்கே போனாலும் மெஷினைக் கட்டுவதற்கு முக்கால் மணி முன்னால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஃபேன் இறக்கையின் மேற்புறம், அடுப்புக்குப் பின்சுவர், பாத்ரூம் குழாயின் அடிப்பக்கம், ஜன்னல் தண்டவாளத்தின் மூலை என இந்த நான்கையும் போன் டார்ச் அடித்துப் பார்த்த பிறகு பாக்கியைக் கொடுங்கள். ஈரம் காய்ந்த பிறகே கறை தெரியும் என்பதால் தரையை ஃபேன் போட்டுக் காயவிட்டுப் பார்ப்பது உத்தமம். பேக்கேஜில் சோபா ஷாம்பூவும் சேர்த்திருந்தால் கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் அது காய ஆறு, எட்டு மணி நேரம் பிடிக்கும். இரவு வரை உட்கார முடியாது. பெசன்ட் நகரை அந்தச் சாயங்காலத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.